விதையும் காடும்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் என்னிடம் பிளஸ் டூ படித்த பையன் ஒருவன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். நலம் விசாரித்து முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், கல்யாணமாகி எட்டு மாசம் ஆகுது. ஒண்ணும் தங்கல. எங்கம்மா அவளப் போட்டு அரிக்காங்க. மாசத்துல எந்த நாள்ல சார் கரு உண்டாகும்? உங்ககிட்டக் கேக்கலாம்னு தோணுச்சு" என்றான்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பது வருடத்துக்குமேல் கோவில்பட்டி வட்டாரத்துப் பள்ளிகளில் விலங்கியல் நடத்தியவன் நான். 'மனித இனப்பெருக்கம்' என்ற பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் இரண்டு படம் போடுவேன். பாகங்களின் பெயரை எழுதிப்போடுவேன். "மத்ததை வீட்டுல படிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவேன். பையன்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், பெண்பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள், எனக்கும் அப்பாடா என்றிருக்கும். அந்த வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய பையன்தான் கல்யாண வீட்டில் வந்து எந்த நாள் என்று கேட்டான். தவறு அவனுடையதா?

நடத்தாமல் விட்ட பாடத்தை இப்போது நடத்துகிறேன். மனிதன் இதை எப்படிக் கண்டுபிடித்தான் என்ற வரலாற்றோடு சேர்த்துச் சொன்னால் எனக்கும் கூச்சம் குறையும், படிப்பவர்களுக்கும் சலிப்பு வராது.

காட்டின் மேல் பழி

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். கரிசலில் 'காடு' என்றால் வனம் இல்லை, மானாவாரிப் புஞ்சை. 'காட்டுக்குப் போயிருக்காக' என்றால் பருத்திக்கோ கம்புக்கோ உளுந்துக்கோ வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே பட்டம் ஆடியில் இல்லை. புரட்டாசியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு புழுதியிலேயே விதைத்துவிடுவதும் உண்டு. வடகிழக்குப் பருவமழை நின்று பெய்தால் முளைக்கும், ஏமாற்றினால் விதை மண்ணோடு போகும்.

முளைக்காத காட்டைப் பார்த்து எங்கள் சம்சாரி உடனே காட்டைத் திட்டமாட்டார். விதை சொத்தையோ, ஈரம் போதவில்லையோ, எறும்பு இழுத்துவிட்டதோ என்று ஒவ்வொன்றாக யோசிப்பார். நூறு விதையை எண்ணி ஈரச்சாக்கில் கட்டி வைத்து, எத்தனை முளைவிட்டது என்று பார்த்த பிறகே விதைப்புக்குப் போகிறவர்கள் உண்டு. கோவில்பட்டியில் 1901-லேயே வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை வந்துவிட்டது. கருங்கண்ணிப் பருத்தியிலும் சோளத்திலும் தேர்ந்த ரகங்கள் அங்கிருந்து புறப்பட்டன. அப்படி விதையைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த சீமை இது.

அதே சீமையில் கல்யாணமான பெண்ணுக்கு இரண்டு வருடம் வயிறு திறக்கவில்லை என்றால் கேள்வியே கிடையாது. குற்றம் காட்டின் மேல்தான்.

என் அப்பாவின் அக்கா, எங்களுக்குப் பெரியத்தை, எட்டயபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டவர். 1950-களின் கதை. ஆறு வருடம் பார்த்தார்கள். கழுகுமலையில் சஷ்டி விரதம் இருந்தார், அரசமரம் சுற்றினார், மரத்தில் தொட்டில் கட்டினார், யார் யாரோ கொடுத்த கசாயத்தை எல்லாம் குடித்தார். பிறகு மாமாவுக்கு இரண்டாவது கல்யாணம் நடந்தது. வந்தவருக்கும் பிள்ளை இல்லை. அப்போதும் ஊரில் ஒருவரும் மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 'மூத்தவ சாபம் இளையவளுக்கும் ஒட்டிக்கிடுச்சு' என்று புதிதாக ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். பெரியத்தையை எந்த வளைகாப்புக்கும் அழைப்பதில்லை. அழைக்காத வீட்டுக்கு அவரும் போவதில்லை. தெருவில் வளையல்காரர் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பழைய கணக்குகள்

ஆண் விதை, பெண் நிலம் என்ற எண்ணம் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ அதைத்தான் சொன்னார்: உருவத்தைத் தருவது ஆண், பொருளைத் தருவது பெண். மனு தர்ம சாஸ்திரம் விதை உயர்ந்ததா நிலம் உயர்ந்ததா என்று நீண்ட விவாதமே நடத்துகிறது. தீட்டு வந்ததிலிருந்து 16 இரவுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, இரட்டைப்படை இரவில் கூடினால் ஆண், ஒற்றைப்படை இரவில் கூடினால் பெண் என்றும் அது பிரிக்கிறது.

நம் வைத்திய மரபு இதைவிடக் கொஞ்சம் நியாயமாக இருந்தது. ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் சுக்கிலம், சுரோணிதம் இரண்டும் சேர்ந்தால்தான் கரு என்றன. அதாவது பெண்ணிடமிருந்தும் ஒரு பங்கு வருகிறது. ஆனால் அந்தப் பங்கை மாதவிடாய் இரத்தத்தோடு சேர்த்து நினைத்துக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், வேறென்ன செய்வார்கள்? திருமந்திரத்தில் 'கர்ப்பக் கிரியை' என்று ஒரு பகுதியே இருக்கிறது. மூச்சு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதைப் பொறுத்து ஆணா பெண்ணா என்று அது கணக்குச் சொல்கிறது.

எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது தொல்காப்பியம். பொருளதிகாரத்தில் கற்பியலில், பூப்புக்குப் பின்வரும் பன்னிரண்டு நாள் தலைவன் தலைவியைப் பிரிந்து இருக்கக்கூடாது என்று ஒரு விதி வருகிறது. பரத்தை வீட்டுக்குப் போகிறவனுக்கும் இந்த விதி பொருந்தும். கரு உண்டாகும் காலம் அது என்று உரைகாரர்கள் காரணம் சொல்கிறார்கள். இந்தப் பன்னிரண்டு என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பவும் வரும்.

கடைசிக் கணக்கில் நம் முன்னோர் கெட்டிக்காரர்கள். புதுமணத் தம்பதியை ஆடியில் பிரித்துவைக்கிறோம். ஆடியில் கரு உண்டானால் சுமார் 266 நாள் கழித்து, பங்குனிக் கடைசிக்கும் சித்திரைக் கடைசிக்கும் நடுவில் பேறுகாலம் வரும். கரிசல் வெயிலில் பச்சைப்பிள்ளைக்காரி என்ன பாடுபடுவாள் என்று தெரிந்துதான் பிரித்துவைத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. 'பத்து மாதம் சுமந்தாள்' என்பதும் சரியான கணக்கே. கடைசித் தீட்டிலிருந்து எண்ணினால் 280 நாள், 28 நாள் மாதமாகப் பத்து மாதம். ஆக, பிரசவ நாள் தெரியும். அதற்கான முதல் நாள் எது என்பதுதான் தெரியவில்லை.

தவளைக்குக் கால்சட்டை

1672-ல் ஹாலந்தில் ரெய்னியர் டி கிராஃப் என்ற மருத்துவர் பெண்ணின் சூலகத்தில் கொப்புளங்கள் இருப்பதை விரிவாக எழுதினார். அங்கே ஏதோ முட்டை இருக்கிறது என்று ஊகித்தார். ஐந்து வருடம் கழித்து, 1677-ல், அதே ஊரான டெல்ஃப்டில் துணி வியாபாரியான லேவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையால் விந்தைப் பார்த்தார். வாலை ஆட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கில் நீந்தும் உயிர்கள்! உடனே ஐரோப்பா இரண்டு கட்சியாகப் பிரிந்தது. முட்டைக்குள் குட்டி மனிதன் இருக்கிறான் என்று ஒரு கட்சி. விந்தணுவின் தலைக்குள் இருக்கிறான் என்று இன்னொரு கட்சி. 1694-ல் ஹார்ட்சோக்கர் என்பவர் விந்தணுத் தலைக்குள் ஒரு மனிதன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோலப் படமே வரைந்துவிட்டார்.

இத்தாலியில் ஸ்பலன்சானி என்ற பாதிரியார் 18-ம் நூற்றாண்டில் செய்த சோதனையை வகுப்பில் சொல்லியிருந்தால் பையன்கள் ஜென்மத்துக்கும் மறந்திருக்கமாட்டார்கள். ஆண் தவளைகளுக்கு மெல்லிய துணியில் கால்சட்டை தைத்து மாட்டிவிட்டார். தவளைகள் வழக்கம்போலக் கூடின, பெண் தவளை முட்டையிட்டது, ஒன்றும் பொரிக்கவில்லை. கால்சட்டையில் ஒட்டியிருந்த திரவத்தை எடுத்து வேறு முட்டைகளின்மேல் தடவினார், அவை பொரித்தன. விந்து முட்டையைத் தொட்டாக வேண்டும் என்பது அதில் நிரூபணமாயிற்று. இவ்வளவு செய்த மனிதர், அதில் நீந்தும் உயிர்கள் வெறும் ஒட்டுண்ணிகள் என்றே நம்பினார் என்பது இன்னொரு வேடிக்கை.

பாலூட்டிகளின் கருமுட்டையை முதலில் கண்ணால் கண்டவர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர், 1827-ல், ஒரு நாயின் சூலகத்தில். மனிதனின் கருமுட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கூர்ந்து பார்த்தால் ஒரு புள்ளியாகத் தெரியலாம். 1876-ல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல்முள்ளெலியின் முட்டைக்குள் விந்தணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றாகச் சேர்வதைக் கண்டு எழுதினார். பெண் நிலம் மட்டும் இல்லை, அவளிடமும் பாதி விதை இருக்கிறது என்பது அன்றைக்கு உறுதியாயிற்று. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து கணக்குப் போட்டால் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல்.

எந்த நாள்?

அப்போதும் நாள் தெரியவில்லை. சினைக்கு வரும் நாய்க்கு இரத்தம் படுவதைப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கும் தீட்டு நாட்களையொட்டித்தான் முட்டை வெளியாகிறது என்று 19-ம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். பிள்ளை வேண்டாதவர்களுக்கு அவர்கள் 'பயமில்லாத நாட்கள்' என்று சொன்னது எதைத் தெரியுமா? இரண்டு தீட்டுக்கும் நடுவில் உள்ள நாட்களை! கரு உண்டாக வாய்ப்பு அதிகமுள்ள நாட்களே அவை. அந்த ஆலோசனையால் எத்தனை வீட்டில் எத்தனை தொட்டில் ஆடியதோ.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் இரண்டு பேர். ஜப்பானில் நீகாட்டா நகரத்து மருத்துவர் கியுசாகு ஓகினோ, 1924-ல். ஆஸ்திரியாவில் ஹெர்மன் கிநாஸ், 1928-ல். இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஓகினோவின் சூட்சுமம், நாளை முன்னாலிருந்து எண்ணாமல் பின்னாலிருந்து எண்ணியது. அடுத்த தீட்டு வருவதற்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்பு முட்டை வெளியாகிறது என்றார். 28 நாள் சுழற்சி உள்ளவளுக்கு அது 14-ம் நாளையொட்டி வரும். 35 நாள் சுழற்சி உள்ளவளுக்கு 21-ம் நாளையொட்டி வரும். 'எல்லாருக்கும் 14-ம் நாள்' என்று நாம் மனப்பாடம் செய்துவைத்திருப்பது பாதி உண்மை. பிள்ளை இல்லாதவர்களுக்கு உதவ வேண்டும் என்பதே ஓகினோவின் ஆசை. உலகம் அதைக் கர்ப்பத்தடைக்கு எடுத்துக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை, அதற்கு இதை நம்ப முடியாது என்றே சொல்லிவந்தார்.

அவர் பயந்தது நம் நாட்டில் நடந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் காந்தியவாதி. 1935 கடைசியில் வார்தாவுக்கு வந்த மார்கரெட் சாங்கரிடம் காந்தி செயற்கைக் கர்ப்பத்தடையை ஒப்புக்கொள்ளவில்லை. அமைச்சரும் அதே நிலையில் இருந்தார். நாள் பார்த்து விலகி இருக்கும் முறைக்கு மட்டும் அவர் சம்மதித்தார். அதனால் 1951-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆபிரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க மருத்துவர் வந்தார். டெல்லி லோதி காலனியிலும் மைசூர் ராஜ்யத்தின் ராமநகரத்திலும் சோதனை தொடங்கியது. படிக்கத் தெரியாத பெண்களுக்காக ஒரு பாசிமாலை செய்தார்கள். ஒரு நிறம் பயமில்லாத நாள், இன்னொரு நிறம் விலகியிருக்க வேண்டிய நாள், தினமும் ஒரு பாசியை நகர்த்த வேண்டும். சிலர் அதைத் தாயத்துபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். சிலர் நகர்த்த மறந்தார்கள். பல பெண்களுக்குச் சுழற்சியே ஒழுங்காக இல்லை. திட்டம் தோற்றது. மாலையைக் கொடுத்தவர்கள், அந்த மாலை எதை எண்ணுகிறது என்பதை மனதில் பதியும்படி சொல்லவில்லை என்பது ஒரு வாத்தியாராக என் அபிப்பிராயம்.

அதே பாசிமாலை ஐம்பது வருடம் கழித்து அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து திருத்தமாக மறுபடி வந்தது. 26 முதல் 32 நாள் சுழற்சி உள்ள பெண்களுக்கு 8-ம் நாள் முதல் 19-ம் நாள் வரை கரு உண்டாகக்கூடிய காலம் என்று அது குறிக்கிறது. எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு நாள்!

உடனே 'தொல்காப்பியர் அன்றே சொன்னார்' என்று யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டாம். அவருடைய பன்னிரண்டு பூப்பை ஒட்டித் தொடங்குகிறது. இன்றைய பன்னிரண்டு ஒரு வாரம் தள்ளித் தொடங்குகிறது. இரண்டும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, அவ்வளவுதான். ஆனாலும் அந்த விதியைப் பின்பற்றிய வீட்டில் பிள்ளை பிறக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். காரணம் தவறாக இருந்தும் கணக்கு ஓரளவு சரியாக வந்த இடம் அது.

ஆறு நாள், நூறு தம்பதி

இனி அந்தப் பையனுக்குச் சொன்ன பதில். வெளியான கருமுட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள்வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே விந்தணு முன்பே வந்து காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். ஆலன் வில்காக்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் 221 பெண்களைத் தினந்தோறும் சோதித்து 1995-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கரு உண்டானதெல்லாம் ஆறே நாளுக்குள்: முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். ஐந்து நாள் முன்பு கூடினால் வாய்ப்பு நூற்றுக்குப் 10, முட்டை வெளியாகும் நாளில் 33. மறுநாள் ஏறத்தாழ ஒன்றுமில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எல்லாம் சரியாக அமைந்த சிறந்த நாளில்கூட வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். கருக்குழாயில் இரண்டும் சேர வேண்டும், சேர்ந்தது பிளந்து வளர்ந்து கருப்பைக்கு வர வேண்டும், வந்தது ஒட்ட வேண்டும். ஒட்டிய கருவிலும் ஏறத்தாழ நான்கில் ஒன்று, பெண்ணுக்கே தெரியாமல் வழக்கமான தீட்டுபோலப் போய்விடுகிறது என்று அதே குழு கண்டது. இது யாருடைய குறையும் இல்லை. மானாவாரிக் காட்டில் போட்ட விதை எல்லாம் முளைக்கிறதா?

குறை ஒன்றும் இல்லாத இளம் தம்பதிக்கு ஒரு மாதத்தில் வாய்ப்பு நூற்றுக்கு 20 முதல் 25. குறைந்த கணக்கான இருபதையே வைத்துக்கொள்வோம். நூறு தம்பதிகள் தொடங்கினால், முதல் மாதம் முடிந்ததும் 80 பேருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டாம் மாதம் 64, மூன்றாம் மாதம் 51, ஆறாம் மாதம் 26. ஒரு வருட முடிவில் இந்தக் கணக்குப்படி 7 பேர் மிஞ்சுவார்கள். எல்லாத் தம்பதிகளின் வாய்ப்பும் ஒன்றுபோல் இல்லாததால் நிஜத்தில் 15 பேர் போல மிஞ்சுகிறார்கள். அவர்களில் பலருக்கு இரண்டாம் வருடத்தில் தானாகவே தங்கிவிடும். ஒரு வருடம் முழுக்க முயன்றும் தங்காவிட்டால்தான் மருத்துவம் அதைப் பிள்ளைப்பேறின்மை என்று பெயரிட்டுச் சோதனை செய்யச் சொல்கிறது. பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும். அந்த வயதுக்குமேல் முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறைகின்றன.

'அரசமரத்தைச் சுற்றி வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்' என்று கேலியாகச் சொல்வோம். அவள் எங்கே தொட்டுப் பார்த்தாள்? மூன்றாம் மாதத்திலேயே 'விசேஷம் ஒண்ணும் இல்லையா?' என்று கேட்டுத் தொட்டுப் பார்ப்பவர்கள் நாம்தான். நூறு பேரில் ஐம்பத்தொரு பேர் இல்லை என்று சொல்லும் மாதம் அது.

சோதிக்காத விதை

பிள்ளை இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் குறை தனியாகவோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ இருக்கிறது. இதைப் பார்க்கும் சோதனை மிக எளிது. இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்துவிட்டுப் பரிசோதனைக்கூடத்தில் விந்தைக் கொடுத்தால் எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் மூன்றையும் சொல்லிவிடுவார்கள். ஊசி இல்லை, மயக்கமருந்து இல்லை. பெண்ணுக்குச் செய்யும் ஸ்கேனோடும் கருக்குழாய்ச் சோதனையோடும் ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் பெண்ணுக்கு எல்லாம் பார்த்து முடித்த பிறகே கணவனை அழைத்துவருகிற வீடுகள் இன்றும் உண்டு.

பருத்திச் சீமைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சேதி. சீனாவில் சில கிராமங்களில் பச்சையாக ஆட்டிய பருத்திக்கொட்டை எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தத் தொடங்கியபின் பிள்ளைப்பேறு நின்றுபோனது. ஆராய்ந்தபோது பருத்திக்கொட்டையில் உள்ள காசிபால் என்ற பொருள் ஆண்களின் விந்தணு உற்பத்தியைக் கெடுப்பது தெரிந்தது. 1970-களில் அதையே ஆண்களுக்கான கர்ப்பத்தடை மாத்திரையாக்கி ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தது, சிலருக்கு விந்தணு திரும்பவே இல்லை, ஆகவே கைவிட்டார்கள். பருத்திப்பால் குடிப்பவர்கள் பயப்பட வேண்டாம், இது தினமும் பச்சை எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்டவர்களின் கதை. விதையும் கெடும், அது ஆணுக்கே தெரியாமல் கெடும் என்பதற்காகச் சொன்னேன்.

சொல்லாமல் விட்டது

நம் மாநிலம் இந்த விஷயத்தைப் பேசாத மாநிலமில்லை. 1930-களிலேயே குடி அரசில் கர்ப்பத்தடை பற்றிப் பெரியார் எழுதினார். மற்றவர்கள் வறுமையையும் தேச நலனையும் காரணமாகச் சொன்னபோது, பெண்ணின் விடுதலைக்கே அது வேண்டும் என்றார் அவர். 1950-களின் பிற்பகுதியில் ஆண்களுக்கான கருத்தடை அறுவைக்கு உதவித்தொகை கொடுத்து வழிகாட்டியது அன்றைய சென்னை மாநிலம். சிவப்பு முக்கோணம் இல்லாத சுவர் உண்டா? 'நாமிருவர் நமக்கிருவர்' தெரியாத பிள்ளை உண்டா? 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. பிள்ளை பெறாமல் இருப்பது எப்படி என்று சுவரெல்லாம் எழுதினோம். பிள்ளை எப்படி உண்டாகிறது என்பதை வகுப்பறையில்கூடச் சொல்லவில்லை.

கூச்சம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. இடைசெவல்காரர் கி.ராஜநாராயணன் சேகரித்த பாலியல் நாட்டுப்புறக் கதைகள் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று புத்தகமாகவே வந்தன. கரிசல்காரர்கள் களத்துமேட்டில் இதைப் பேசிச் சிரித்தவர்கள்தான். சிரிக்க வந்த வாய் விளக்கிச் சொல்ல வரவில்லை.

விளக்கத் துணிந்தவர்களையும் நாடு நன்றாக நடத்திவிடவில்லை. 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. பத்தே வாரத்தில், அக்டோபர் 3-ம் தேதி, கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் துர்கா பிறந்தாள். அரசு அமைத்த குழு நம்பவில்லை. அவமானம் தாங்காமல் 1981-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-ல் பம்பாயில் பிறந்த குழந்தைதான் முதல் என்று பதிவாயிற்று. அந்தப் பெருமைக்குரிய விஞ்ஞானிகளில் ஒருவரான டி.சி.ஆனந்தகுமார், முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதலிடம் அவருக்கே என்று 1997-ல் தானே எழுதினார். அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் 1990-ல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கவைத்தார். இன்று அந்தச் சிகிச்சைக்கு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நம் வட்டாரத்திலிருந்து நிலத்தை விற்றுக்கூடப் போகிறார்கள். போகவேண்டியவர்கள் போகட்டும். நாள் தெரியாமல், எட்டு மாதத்தில் பயந்து, விதையைச் சோதிக்காமல் ஓட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பெரியத்தைக்கு வருகிறேன். அவர் கடைசி வருடங்களில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சாயங்காலம் திண்ணையில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவரிடம், பெரிய விஞ்ஞானம் சொல்கிற நினைப்பில், "குறை மாமாகிட்டக்கூட இருந்திருக்கலாம் அத்தை" என்றேன். முறத்தை நிறுத்தாமலே சொன்னார்: "ஒரே வெதைய ரெண்டு காட்டுல போட்டும் மொளைக்கலேன்னா, கொறை காட்டுலயாடா இருக்கும்? இது எனக்கு அப்பவே தெரியும். சொன்னா யாரு கேப்பா?"

பள்ளிக்கூடமே போகாதவர். ஃபான் பேரையும் ஓகினோவையும் கேள்விப்படாதவர். அவருக்குத் தெரிந்ததை அவர் வாயால் சொல்ல இடமில்லாமல் ஆக்கிவைத்திருந்தோம். முப்பது வருடம் அந்தப் பாடத்தைத் தாண்டிக் குதித்த எனக்கும் அதில் பங்கு உண்டு.

கல்யாண வீட்டுப் பையன் நேற்று போன் செய்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து சோதனைக்குப் போய்வந்தார்களாம், இருவருக்கும் குறை ஒன்றுமில்லையாம். "அம்மாகிட்ட அந்த நூறு பேர் கணக்கைச் சொல்லிட்டேன் சார். கொஞ்ச நாள் பேசாம இருக்காங்க" என்றான்.

இன்னும் நாலு மாதம் இருக்கிறது, பொறுத்துப் பார் என்றேன்.